எங்கள் பெரியப்பாதான் அந்த மோகினிப் பேய்

எங்கள் வகுப்பில் யாரும் என்னை நம்பவில்லை. நம்பாததில் நியாயமும் இருந்தது.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓசூர் உள்ளூர் கேபிளில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப் படம் போட்டிருந்தார்கள். வெள்ளைச் சேலை கட்டி, முடியை முகத்தில் விரித்துவிட்டுக்கொண்டு, கிணற்று மேட்டில் மெல்ல நடந்துபோகும் ஒரு மோகினிப் பேய். அது நின்று திரும்பிச் சிரித்த சிரிப்பில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார்கள். திங்கட்கிழமை வகுப்பில் வேறு பேச்சே இல்லை. நான்காம் வகுப்பு ஆ பிரிவில் அதுவரை எந்தப் பெருமையும் வாய்க்காத நான் எழுந்து நின்று, "அந்தப் பேய் எங்க பெரியப்பாதான்" என்றேன்.

என் பக்கத்தில் உட்காரும் ஷில்பா உடனே கேட்டாள்.

"பேய் பொம்பளதானே? உங்க பெரியப்பா என்ன பொம்பளையா?"

வகுப்பே சிரித்தது. ஷில்பா வீட்டில் கன்னடம். பொய்க்குக் கன்னடத்தில் சுள்ளு என்பார்கள். அன்றைக்கு மத்தியானத்துக்குள் என் பெயரே சுள்ளு ஆகிவிட்டது. தமிழ்ப் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள் எல்லோரும் ஒற்றுமையாக அந்த ஒரு கன்னட வார்த்தையைக் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் நான் சொன்னது உண்மை. பெரியப்பா என் அப்பாவின் மூத்த அண்ணன். ஏழு பிள்ளைகளில் அவர் தலைப்பிள்ளை, அப்பா கடைசி. நாகரசம்பட்டியில் மாந்தோப்புகளில் கூடை சுமந்துகொண்டிருந்த அவர், ஒரு மாம்பழப் பருவத்தில் லோடு லாரியோடு சென்னைக்குப் போனார். திரும்பும்போது அந்த லாரியை ஒரு சினிமாக் கம்பெனிக்காரர்கள் சாமான் ஏற்ற வாடகைக்குப் பிடித்தார்கள். அங்கே ஒரு பேய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேயாக நடிக்க வந்த பெண், பாழுங்கிணற்றுச் சுவரின் மேல் நடக்க மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாராம். டைரக்டர் சுற்றிலும் பார்த்தார். ஆறடி உயரத்தில், விறகுக் குச்சி மாதிரி, சும்மா நின்றுகொண்டிருந்தவர் பெரியப்பா ஒருவர்தான். மீசையை எடுத்து, சேலை கட்டி, சவுரி முடியை முகத்தில் இழுத்துவிட்டு, அவரைச் சுவர் மேல் ஏற்றினார்கள்.

தலையில் கூடை வைத்து நடந்து பழகியவர் தோளை ஆட்டாமல் நடப்பார். இடுப்புக்கு மேலே ஓர் அசைவும் இருக்காது. கேமராவில் பார்த்தவர்களுக்குக் கால் தரையில் படாமல் மிதந்து போவதுபோலத் தெரிந்ததாம். அதற்கப்புறம் பதினைந்து வருஷம் தமிழ், தெலுங்கு, கன்னடம் எதில் மோகினி நடந்தாலும் நடந்தது எங்கள் பெரியப்பாதான். பேய் ஆம்பளை என்று தெரிந்தால் ஜனங்கள் பயப்பட மாட்டார்கள் என்பதால் எந்தப் படத்திலும் அவர் பெயரைப் போடவில்லை. ஊரில் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பேயின் தங்கச்சியை யார் கட்டுவது என்று என் அத்தைகளுக்கு வந்த வரன்கள் இரண்டு தட்டிப்போயினவாம். கலர் படம் வந்து, பேய்களும் டான்ஸ் ஆட வேண்டும் என்று ஆனபோது, பெரியப்பா மூட்டை கட்டிக்கொண்டு வந்து உத்தனப்பள்ளியில் நிலம் வாங்கித் தக்காளி போட்டார்.

சுள்ளு என்ற பெயரோடு நான் இரண்டு வாரம் பள்ளிக்கூடம் போனேன். பிறகு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. எங்கள் ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வர ஒப்புக்கொண்டிருந்த ஃபேக்டரி மேனேஜர், அதே தேதியில் வெளிநாட்டிலிருந்து ஆடிட் வருகிறது என்று கைவிரித்துவிட்டார். விழாவுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. தலைமை ஆசிரியை கவலையோடு எங்கள் வகுப்பைக் கடந்து போனபோது, "இவ பெரியப்பா சினிமா நடிகராம் மேடம்" என்று எங்கள் டீச்சர் பாதி விளையாட்டாகச் சொன்னார். மேடம் அதை முழுசாக எடுத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே அப்பா என்னை ஸ்கூட்டரில் உத்தனப்பள்ளிக்கு அழைத்துப்போனார். பெரியப்பா தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். வழுக்கைத் தலை, வெள்ளை மீசை, முண்டா பனியன். மோகினியின் சாயல் ஒரு துளி இல்லை. நான் அழுகையும் பேச்சுமாக விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

"பேயக் கூப்ட்டா ஆண்டு விழா நடத்துவாங்க?" என்று அவர் சிரித்தார். "சரி கண்ணு, வரன். நடந்துகூடக் காட்றன். சிரிக்க மட்டும் சொல்லக் கூடாது. அது ஆவாது."

"ஏன் பெரியப்பா?"

"ஆவாதுன்னா ஆவாது. உங்க டீச்சர்கிட்ட இப்பவே சொல்லிடு."

களத்தில் காராமணி உலர்த்திக்கொண்டிருந்த பெரியம்மா ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். பெரியம்மா சென்னைக்காரர். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோளைக் குலுக்குவார்.

நான் டீச்சரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் மறுநாள் போனேன். ஆனால் வாசலிலேயே ஷில்பா மறித்து, "சிரிச்சுக் காட்டுவாரா? சிரிச்சாதான் நம்புவேன்" என்றாள். "சிரிப்பார்" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன வாயை அப்புறம் திருப்பவே முடியவில்லை. மத்தியானம் டீச்சர் கேட்டபோதும் அதையே சொன்னேன். வெள்ளிக்கிழமை பார்த்தால், நிகழ்ச்சி நிரலில் "மோகினிச் சிரிப்பு" என்று தனியாக ஒரு வரி அச்சாகியிருந்தது. அந்தத் தாளை மடித்துப் புத்தகப் பைக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

விழா சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அப்பாவுக்கு இரண்டாம் ஷிஃப்ட், வர முடியவில்லை. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். மேடையில் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகப் பெரியப்பா. அவரைப் பார்த்தால் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். "இவரா பேய்?" என்று பின்வரிசையில் ஒருவன் வெளிப்படையாகவே கேட்டான். ஷில்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள். என்ன வார்த்தை என்று கேட்க வேண்டியதில்லை.

பெரியப்பா மைக்கில் அதிகம் பேசவில்லை. "நான் பேசற நடிகன் இல்லீங்க, நடக்கற நடிகன்" என்றார். பிறகு மேசைமேல் விரித்திருந்த வெள்ளைத் துணியை உருவி, முக்காடாகத் தலையில் போட்டுக்கொண்டு, மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தார்.

அவ்வளவுதான். பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். கீழே வேட்டிக்கரையும் செருப்பும் தெரிகின்றன. ஆனாலும் ஷாமியானா முழுக்க மூச்சுச் சத்தம் நின்றுபோனது. துணிக்குள்ளே ஆள் இல்லாததுபோல அது போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு எல்.கே.ஜி. குழந்தை வீரிட்டு அழுதது. ஷில்பா பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த இடத்தில் முடிந்திருக்கலாம். ஆனால் தொகுத்து வழங்கிய டீச்சர் கையிலிருந்த தாளைப் பார்த்து, "அடுத்து, நாம எல்லாரும் எதிர்பார்த்த மோகினிச் சிரிப்பு!" என்றார்.

"சிரிப்பு! சிரிப்பு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். பெரியப்பா முக்காட்டை விலக்கி என்னைத் தேடினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தொண்டையைச் செருமுவது மைக்கில் கேட்டது. "இல்லீங்க, அது வந்து..." என்று ஆரம்பித்தார். கூட்டம் விடவில்லை. அவர் பார்வை என்னை விட்டு நகர்ந்து எனக்குப் பக்கத்தில் போய் நின்றது. பெரியம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கிருந்தே சரி என்று லேசாகத் தலையை ஆட்டினார்.

பெரியப்பா மறுபடி முக்காட்டை இழுத்துவிட்டு, படத்தில் நின்றதுபோலவே எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குனிந்தார். முதலில் ஒரு மூச்சு மட்டும் வந்தது. பிறகு விக்கல்போல ஒரு சின்னச் சத்தம். அப்புறம் அது ஏறியது. படிப்படியாக ஏறி, உச்சியில் போய் உடைந்து, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் உருண்டு இறங்கியது. பெரியம்மா இருந்த இடது கைப்பக்கமெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை டிவியில் கேட்ட அதே சிரிப்பு. மேடையில் பெரியப்பாவின் தோள்கள் அந்தச் சிரிப்போடு சேர்ந்து குலுங்கின. அது ஏறும்போது அவர் மெல்லத் திரும்பினார். அது உடையும்போது தலையைப் பின்னால் சாய்த்தார். எல்லோருடைய கண்ணும் மேடையில் இருந்தது. அம்மா மட்டும் வாயைப் பிளந்துகொண்டு பெரியம்மாவைப் பார்த்தார்.

அதன் கதை எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. மோகினிக்கு ஆம்பளைக் குரல் ஆகாது என்று, சென்னையில் கோரஸ் பாட வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைச் சிரிக்கவைத்திருக்கிறார்கள். கண்ணாடி அறைக்குள் அவர் தனியாக நின்று, திரையில் ஓடும் பெரியப்பாவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். முடிந்ததும் ஸ்பீக்கரில் "ஓகே, அடுத்தது" என்று ஒரு குரல் வரும். அதோடு சரி. முப்பது படங்களுக்கு அப்படிச் சிரித்துவிட்டு, கடைசியில் அந்தப் பேயையே கட்டிக்கொண்டார். ஊரில் இதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு பேய் போதும் என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தார்களாம். அப்பாவுக்கேகூடத் தெரியாது.

சிரிப்பு ஓய்ந்ததும் கைதட்டல் கிளம்பியது. பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி நின்று தட்டினார்கள். தலைமை ஆசிரியை தட்டினார். வாட்ச்மேன் தட்டினார். ஷில்பா முழுசாகத் திரும்பி, என்னைப் பார்த்தே தட்டினாள். என் மானம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பெரியப்பா முக்காட்டை எடுத்துவிட்டு மேடை விளிம்புக்கு வந்து, எங்கள் வரிசைப் பக்கமாகப் பார்த்துக் கைகூப்பி நின்றார். தங்களைத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்து எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் திருப்பிக் கும்பிட்டார்கள்.

நான் பெரியம்மா பக்கம் திரும்பினேன். அவர் முந்தானையை இறக்கி மடியில் போட்டிருந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. அவ்வளவு அடிவயிற்றிலிருந்து சிரித்ததாலும் இந்த இரைச்சலாலும் மண்டையிடி வந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மாவுக்கு அப்படித்தான் வரும்.

நான் எழுந்து முன்வரிசைக்காரர்களின் முதுகைத் தட்டி, "போதும், கை தட்டாதீங்க, எங்க பெரியம்மாவுக்குத் தலை வலிக்குது" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

பெரியம்மா கண்ணைத் திறக்கவில்லை. கையை நீட்டி என் பாவாடையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"விடு கண்ணு, தட்டட்டும்" என்றார்.

தலை வலிக்கிற ஒருவர் எதற்கு இப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கைதட்டல் முழுசாக அடங்கும்வரை பெரியம்மா என் பாவாடையை விடவில்லை.