முதல் ‘போதும்’

எங்கள் வீட்டில் ‘போதும்’ என்று சொன்னால் இன்னொரு கரண்டி சோறு விழும். இரண்டாவது ‘போதும்’ அரைக் கரண்டி. தட்டின் மேல் கையை விரித்துக் குனிந்து மறைத்தால்தான் மூன்றாவதை நம்புவோம். நான் அப்படித்தான் வளர்ந்தேன், பெரும்பாலும் அகலத்தில். பரிமாறும் வேலை என் கைக்கு வந்தபோது மகளையும் அப்படியே வளர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சென்னீர்குப்பத்தில் ஒரு பக்கெட் பிரியாணி வாங்கி வருவோம். நாலைந்து பேர் சாப்பிடலாம் என்பார் கடைக்காரர். நாங்கள் மூன்று பேர். மிச்சம் வைத்ததாக நினைவில்லை. காலி பக்கெட்டுகளில் ஒன்றில் வெங்காயம், ஒன்றில் சோப்புத்தூள், ஒன்றில் கறிவேப்பிலைச் செடி. வீடு முழுக்கச் சாட்சிகள் உட்கார்ந்திருந்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

எட்டாவது படிக்கும் மகள் பள்ளியிலிருந்து உடல் பரிசோதனை அட்டை கொண்டுவந்தாள். எடையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, ‘மருத்துவரைப் பார்க்கவும்.’ செல்போனை எடுத்துத் தேடினேன். அரை மணி நேரத்தில் அவளுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம் எல்லாம் வந்துவிட்டன. எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

“இன்னாய்யா, போன்லயே ஆஸ்பத்திரி நடத்துற? டாக்டராண்ட இட்டுகினு போ” என்றாள் மனைவி.

நான் போனது பாத்திரக் கடைக்கு. சின்ன டிபன் தட்டு ஒன்று வாங்கி, மகளின் பெரிய தட்டைப் பரண்மேல் ஏற்றினேன். அவள் இரண்டாம் முறை கேட்டால், “காலிம்மா” என்றேன். மூன்று நாள் திட்டம் பிரமாதமாக ஓடியது.

நான்காம் நாள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தவள், என்னையும் குக்கரையும் ஒன்றாகப் பார்த்துவிட்டாள். என் வாய் நிறைய சாம்பார் சாதம்.

“காலின்னு சொன்ன?”

“அடியில கொஞ்சம் ஒட்டிக்கினு இருந்துச்சும்மா.”

குக்கர் பாதி நிரம்பியிருந்தது.

“எனக்கு மட்டுந்தான் காலியாப்பா?”

கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது உளறியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். மதிய டப்பா அப்படியே திரும்பி வந்தது. பிள்ளை இளைத்துவிட்டால் போதும் என்று பதறியவனுக்கு, பிள்ளை நம்மோடு உட்கார்ந்து சாப்பிடாமலே போய்விடுவாளோ என்ற பயம் பிடித்தது. இந்தப் பயத்துக்குச் செல்போனில் ஒரு வரியும் அகப்படவில்லை.

பூந்தமல்லியில் ஒரு டாக்டரிடம் அவளை அழைத்துப் போனேன்.

“வீட்ல யாரு பரிமாறுறது?” என்றார் டாக்டரம்மா.

“நான்தான்.”

“அப்ப முதல்ல நீங்க மெஷின்ல ஏறுங்க சார்.”

ஏறினேன். மகள் எட்டிப் பார்த்தாள். “அப்பா, உனக்கு ரெண்டு வட்டம் போடணும்.” ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். எடை மெஷினிலிருந்து இறங்க எனக்கு மனம் வரவில்லை.

வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடக்கூடாது, வீட்டில் எல்லாருக்கும் ஒரே அளவுத் தட்டு, அவளுக்கு வேண்டியதை அவளே போட்டுக்கொள்ளட்டும் என்றார் டாக்டர்.

அந்த ஞாயிறு பக்கெட் வாங்கவில்லை, இரண்டு பொட்டலம்தான். “இன்னா அண்ணாத்தே, ஊட்ல யாருக்கும் ஒடம்பு சரியில்லியா?” என்று கடைக்காரர் உண்மையிலேயே கவலைப்பட்டார்.

வீட்டில் மூன்று சின்னத் தட்டுகள். பொட்டலங்களைப் பாத்திரத்தில் கொட்டி, கரண்டியை மகளிடம் கொடுத்தேன். தனக்குப் போட்டுக்கொண்டாள், அம்மாவுக்குப் போட்டாள், எனக்கு ஒரு கரண்டி வைத்தாள். பழக்க தோஷத்தில், “போதும்மா” என்றேன்.

பாத்திரத்தை மூடிவிட்டாள்.

நான் மூடியையே பார்த்தேன்.

“இன்னாப்பா? நீதான போதும்னு சொன்ன?”

“அது சும்மா சொல்றதும்மா.”

“நான் சும்மா சொன்னதில்ல. நீதான் ஒருதடவகூடக் கேக்கல.”

மனைவி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நடுவில் எங்கோ நின்றுவிட்டது. எத்தனை ஆண்டுகள், எத்தனை ‘போதும்’கள்! எல்லாவற்றின் மேலும் ஒரு கரண்டி போட்டு மூடியிருக்கிறேன்.

அன்று அவள் தட்டோடு உள்ளே போகவில்லை. ஹாலிலேயே, என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் அரை வயிற்றோடு எழுந்தேன். இரண்டாவது ‘போதும்’ சொல்ல யாரும் எனக்கு வாய்ப்பே தரவில்லை.