அடிப்படைப் பட்டியலில் தம்பியின் எடிட்டர்

அறுபது வயதில் என் தம்பி கணுக்காலை முறித்துக்கொண்டான். மாவுக்கட்டு இருந்த ஆறு வாரமும் அவனைப் பார்த்துக்கொண்டது நான். முப்பது வருடம் வார்டில் செவிலியாக இருந்தவளுக்குக் கால் ஒரு விஷயமே இல்லை. அவனைப் பாடாய்ப் படுத்தியது வயிற்றெரிச்சல்.

கணினியை இயக்கும் லினக்ஸ் என்ற மென்பொருளின் ஒரு வகையைப் பல ஊர் ஆட்கள் சேர்ந்து சம்பளமில்லாமல் தயாரிக்கிறார்கள். புதிதாக நிறுவும்போது கேட்காமலே வந்துசேர வேண்டிய மென்பொருள்கள் எவை என்று ஒரு பட்டியல் உண்டு. அதற்குப் பொறுப்பு என் தம்பி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது ஏன் வேண்டும் என்று ஒரே ஒரு வரி இருந்தாக வேண்டும். அந்த விதியைப் போட்டவனும் அவனே. அவன் எழுதிய எடிட்டர், அதாவது கோப்புகளைத் திறந்து திருத்தும் குட்டி மென்பொருள், பதினெட்டு வருடமாக அதில் இருந்தது. இப்போது இன்னொருவர் அதே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு அளவில் ஒன்று எழுதிவிட்டார். பட்டியலில் ஒன்றுக்குத்தான் இடம். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவு.

எதையும் நாலு வார்த்தையில் முடிப்பவர் என்பதால் அவருக்குத் தம்பி வைத்த பெயர் சுருக்கு.

"எல்லாரும் அவனைத் தலையில தூக்கி வெச்சு ஆடுறாங்கக்கா. போன வருஷம் வந்தவன்!"

"அது ஒழுங்கா வேலை செய்யுதா?"

"செய்யுது. அதான் கடுப்பா இருக்கு."

மூன்று நாள் அதில் குறை தேடினான். பெரிய கோப்பைத் திறந்தான், பாதியில் மின்சாரத்தைப் பிடுங்கினான். அது அசரவில்லை. இவனுக்கு ரத்த அழுத்தம் நூற்றறுபது.

வியாழன் காலை சீட்டியடித்துக்கொண்டே இரண்டாவது காபி கேட்டான்.

"என்னடா பண்ணின?"

"டிஸ்க்கைச் சரிபார்க்குற மென்பொருளும் என் பொறுப்புதானே? அது ஓட என் எடிட்டரும் வேணும்னு ஒரு வரி சேத்துட்டேன். என் எடிட்டரைப் பட்டியல்ல இருந்து எடுத்தாலும், இனி டிஸ்க் மென்பொருள் கூடவே அதுவும் வந்துரும்."

"நெஜமா வேணுமா?"

"வேணாம்தான்."

"வார்டுல எத்தனை பேரைப் பாத்திருக்கேன். நோயாளிக்குத் துணைன்னு வந்துட்டு, பக்கத்துக் கட்டில்ல போர்வையை இழுத்துப் போத்திக்குவாங்க. எழுப்பி வெளிய அனுப்பிருவேன்."

"நீ யார் பக்கம்க்கா?"

"உன் பக்கம்தான். காலை நீட்டு."

வெள்ளிக்கிழமை கூட்டம் கணினித் திரையில் நடந்தது. எந்த மென்பொருள் கூடவே எதை இழுத்துவருகிறது என்று சோதனைக் கணினி தினமும் அச்சடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். அதை அமைத்தவன் தம்பி. பொறாமையில் அதையே மறந்திருக்கிறான். கூட்டத் தலைவி அதை வாசித்தார்.

"டிஸ்க் பாக்க எடிட்டர் எதுக்கு சார்? ஒரு வரி காரணம் சொல்லுங்க."

அது தம்பியே போட்ட விதி.

"கை தவறியிருக்கும்," என்றார் சுருக்கு.

அந்தப் பெருந்தன்மைதான் இவனுக்குப் பொறுக்கவில்லை. "கையெல்லாம் தவறல. வயித்தெரிச்சல். எடுத்துடறேன்."

யாரோ இருமினார்கள். பிறகு வாக்கெடுத்தார்கள். தம்பியுடையது வெளியே போனது.

புதியதற்குக் காரணம் எழுத வேண்டியவனும் பட்டியல்காரன்தான். நான்கு முறை அழித்துவிட்டு எழுதினான்: சின்னது. வேலை செய்யும்.

"அக்கா, 'நல்லா'ன்னு போடவா?"

"நல்லா செய்யுதா?"

"செய்யுது."

"அப்ப போடு."

போடாமலே அனுப்பிவிட்டான். அழுத்தம் பார்த்தேன். நூற்று நாற்பத்தெட்டு. இன்னும் இறங்க வேண்டும்.