பறிகொடுத்தவருக்கே அடுத்த பந்து

போன செவ்வாய்க்கிழமை நான்காம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணி மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். ஈப்போ பக்கத்துச் சிம்பாங் பூலாயிலிருந்து தோட்ட ஆபீசுக்குப் போன் வந்ததாம். "டீச்சர், ஒங்க கூட்டாளி தனம் காலையில தவறிட்டாங்களாம்" என்றார். பல மாதங்களாக நோயில் கிடந்தவர்தான், எதிர்பார்த்ததுதான். இருந்தும் கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கைப் பிள்ளைகளே முடித்துக்கொண்டார்கள்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளில் ஈப்போவில் நாங்கள் படித்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்துக் குழுவுக்குத் தலைவி, தனம் என்று எல்லாரும் அழைத்த தனலெட்சுமி அக்கா. என்னைவிட ஓராண்டு மூத்தவர். ஆள் குள்ளம், குரல் மட்டும் மைதானத்தைத் தாண்டிச் சாலைவரை கேட்கும்.

நான் ரப்பர் தோட்டத்திலிருந்து போனவள். உயரமானவள் என்ற ஒரே தகுதியில் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். ஓடுவேன், குதிப்பேன். பந்துதான் கையில் தங்காது. எதிரணிக்காரியைக் கூப்பிட்டுக் கொடுத்ததுபோலப் போய்ச் சேரும். எங்கள் பயிற்சியாளர் சியோங் சார் நல்ல மனிதர், ஆனால் பொறுமை கிடையாது. பந்தைப் பறிகொடுத்தவளை அடுத்த நிமிடமே வெளியே அழைத்துப் பெஞ்சில் உட்கார்த்திவிடுவார். ஓர் ஆட்டத்தில் இறங்கிய அதே ஐவர் அடுத்த ஆட்டத்தில் இருக்கமாட்டோம். அதனால் பந்து கைக்கு வந்ததும் எங்கள் கண் கூடைக்குப் போகாமல் பெஞ்சுக்குப் போகும். அந்த நேரத்தில் பந்து போய்விடும்.

தைப்பிங் குழுவோடு ஆட்டம் வந்தது. அப்பா பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். பெண்பிள்ளை அரைக்கால் சட்டை போட்டு ஆடுவதற்கு அவர் அரைமனதாகத்தான் சம்மதித்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மகளைப் பார்த்தால் அத்தோடு என் ஆட்டம் முடிந்தது. அந்த அவமானத்துக்கு நானே விலகிவிடலாம் என்று ஆட்டச் சட்டையை மடித்து அக்காவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஒன் கையில ஒரு கோளாறும் இல்ல, சாந்தி. பயந்துகிட்டு ஆடுற, அவ்வளவுதான் லா. வா, சார்கிட்ட போலாம்."

சாரிடம் அக்கா வைத்த கோரிக்கையைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் பந்தை விட்டாலும் முழு ஆட்டத்துக்கும் ஐவரை மாற்றக்கூடாது. தோற்றால் குழுவிலிருந்து தம்மையே எடுத்துவிடலாம் என்றார். அது அவருக்குக் கல்லூரியில் கடைசி ஆண்டு. சார் யோசித்து ஒப்புக்கொண்டார். வெளியே வந்ததும் அக்கா எங்களைக் கூட்டி, சார் காதிலும் விழும்படி ஒரே சட்டம் போட்டார்: "பந்த விட்டவ கையிலதான் அடுத்த பந்து. யாரும் மொறைக்கக் கூடாது."

ஆட்டத்தன்று காலையில் மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லாததால் அப்பாவோடு எங்கள் தோட்டக் குடியிருப்பு லயத்துக்காரர்கள் பலரும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். வந்த முதல் பந்தையே பறிகொடுத்தேன். அடுத்ததும் போனது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சியோங் சார் எழுந்து நின்றார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. "பிடி, சாந்தி!" என்று மறுபடியும் எனக்கே வீசினார். எப்போது என் கண் பெஞ்சைத் தேடுவதை விட்டது என்று தெரியாது. அதன்பின் பந்து கையில் நின்றது.

ஆனாலும் ஒரே ஒரு கூடையில் தோற்றோம். அந்தக் கடைசிப் பந்தைப் பறிகொடுத்தது அக்காதான்.

சொன்ன சொற்படி அவர் தம் சட்டையைச் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். சார் அதைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தார். "விட்டவருக்கே அடுத்த பந்து என்றாயே, உனக்குக் கிடையாதா?" என்று கேட்டார். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அதே ஐவர்தான் இறங்கினோம். பஸ்ஸுக்குப் போகும்போது அப்பா, "அடுத்த ஆட்டம் எப்ப?" என்றார். நான் இன்று ஆசிரியையாக, என் காலில் நிற்பவளாக இருப்பதற்கு அந்தக் கேள்வியில்தான் தொடக்கம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு முதல் குழந்தை பிறந்து சில நாளில் இறந்துபோனது. அதன்பின் என்னைக் கண்டால் சொந்தக்காரர்கள் தங்கள் கைக்குழந்தையை உள்ளே தூக்கிப்போனார்கள். கெட்ட எண்ணமில்லை, என் கை ராசியில்லை என்ற பயம். அக்கா தம் பச்சைக்குழந்தை கவிதாவோடு பஸ் ஏறி எங்கள் தோட்டத்துக்கு வந்தார்.

"கைய நீட்டு."

"கீழ விட்டுருவேன்க்கா."

"விட மாட்ட. பிடி."

குழந்தையை என் கையில் வைத்தார். சோறு போட்டுச் சாப்பிட்டார், பாயை விரித்துத் தூங்கினார். கவிதா மாலைவரை என் மடியில் கிடந்தாள். அன்றுதான் நான் வாய்விட்டு அழுதேன். அந்த நன்றிக்கு எனக்கு இன்றும் வார்த்தை இல்லை.

இப்போது ஏழு வயதான அந்தக் கவிதாதான், அக்காவின் உடலை ஏற்றிய வண்டி புறப்பட்டபோது வாசலில் பெண்களோடு நின்றாள். அழவில்லை. அவளை நெருங்க எல்லாரும் தயங்கினார்கள். நானும் போகவில்லை. அக்காவே போய்விட்டார், இனி என்னால் யாருக்கு என்ன ஆகும் என்று மரத்துப்போய் நின்றேன். எங்கள் ஐவரில் ஒருத்தியான மெய் லெங் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். அக்காவிடம் கற்ற உடைந்த தமிழில், என் முதுகைத் தள்ளிச் சொன்னாள்: "அடுத்த பந்து, நீ லா."

போய்க் கையை நீட்டினேன். என் இடுப்புக்கு வளர்ந்துவிட்ட பிள்ளை, ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள், தூக்கிக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தாள். வண்டி சாலைமுனை திரும்பும்வரை இறக்கவில்லை.

போய் வாருங்கள், அக்கா. பிடித்துக்கொண்டேன்.