செக்கிங் வளர்த்த புதினா

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவாக இருந்தாலும் சரி, அந்தக் குடியிருப்பில் 'செக்கிங்' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். தொழில் லிஃப்ட் மெக்கானிக். ஒரு லிஃப்டைச் சரிசெய்து, மூடி, திருகெல்லாம் முறுக்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரைக்கும் போயிருப்பார். திரும்பி வந்து எல்லாத் திருகையும் கழற்றி இன்னொரு தரம் பார்ப்பார். "திறந்து பாக்காம எதையும் நம்பக்கூடாது" என்பது அவருடைய கொள்கை. சும்மா சொல்லக்கூடாது, தொழிலுக்கு அது நல்ல கொள்கைதான். அவர் கைவைத்த லிஃப்டில் யாரும் நடுவழியில் மாட்டிக்கொண்டதில்லை.

ஆனால் அந்தக் கொள்கையை மனுஷன் வேலையோடு விட்டுவிட்டு வந்தால்தானே? வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போவார், பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வருவார். அடுப்பில் எது கொதித்தாலும் மூடியைத் தூக்கிப் பார்த்து, ஆவியையெல்லாம் வெளியே விட்டு, பெண்டாட்டியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

பெண்டாட்டி லேசுப்பட்ட ஆள் இல்லை. சலவைக் கடையில் துணி வாங்கிப்போடும் இடத்தில் நிற்பவள். கறை படிந்த சட்டையை மேசைமேல் வைத்தால் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் மூக்கால் பார்த்துவிடுவாள். இது இருமல் மருந்து, இது மீன் குழம்பு இல்லை மீன் எண்ணெய், இது பேனா மை இல்லை முடிக்குப் பூசுகிற சாயம் என்று சொல்லி, அதற்கேற்ற தொட்டிக்கு அனுப்புவாள். தப்பான தொட்டியில் போட்டால் கறை நிரந்தரமாகத் தங்கிவிடும். அதனால் கடை முதலாளியம்மா அவளை விட்டுக்கொடுக்கவே மாட்டாள். வீட்டிலும் அந்த மூக்கு ஓய்வெடுக்காது. செக்கிங் மாடிப்படி ஏறும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: "கிரீஸ் கையோட எதையும் தொடாதீங்க!"

அப்படிப்பட்ட மூக்கு ஒரு காய்ச்சலில் போய்விட்டது. காய்ச்சல் வந்தது, போனது, போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகினாலும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். கடையில் ஒரு பட்டுத்துணியைத் தப்பான தொட்டிக்கு அனுப்பிவிட்டாள். முதலாளியம்மா நல்லவள்தான், திட்டவில்லை. "உடம்பு தேறட்டும்மா, அதுவரைக்கும் நீ உள்ள துணி மடி" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

டாக்டர் பார்த்தார். "நரம்பு தானாத்தான் தேறணும். தேறலாம், தேறாமலும் போகலாம். நல்லா வாசனை அடிக்கிற இலை தழையா எடுத்துக் காலையிலயும் சாயங்காலமும் மோந்து பாருங்க. அவசரப்படக் கூடாது" என்றார். செக்கிங் காதில் இலை தழை மட்டும்தான் விழுந்தது. அவசரப்படக் கூடாது என்பது விழவே இல்லை.

"கடையில விக்கிற கட்டு எப்பப் பறிச்சதோ, எத்தனை பேர் கை பட்டதோ. நானே வளர்க்குறேன்" என்று கிளம்பிவிட்டார். அதுவரை அவர் வளர்த்தது மீசை ஒன்றுதான்.

பால்கனியில் தொட்டிகள் வந்து இறங்கின. ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு தொட்டிகூடச் சாயாமல் அடியில் அட்டை கொடுத்து நிறுத்தினார். 'வேலை நடக்கிறது, உபயோகிக்க வேண்டாம்' என்று லிஃப்டில் மாட்டுகிற பலகையைக் கொண்டுவந்து பால்கனிக் கதவில் தொங்கவிட்டார். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்துப் போட வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடைத்தார், சுத்தியலால். முதல் கைப்பிடி பொடியாகிவிட்டது. அதை அவள் பேசாமல் அள்ளிக் குழம்பில் போட்டாள்.

கீழ்வீட்டில் குடியிருந்த மச்சினி, அதாவது பெண்டாட்டியின் தங்கை, கற்பூரவல்லிக் கொம்பு ஒன்றை ஒடித்துக்கொண்டுவந்து கொடுத்தாள். "மாமா, இதைச் சும்மா மண்ணுல சொருகி வச்சா போதும். உங்களால கெடுக்க முடியாத செடி" என்றாள். பாவம், அவளுக்கு மாமாவைப் பற்றி முழுசாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரும் கையுமாக செக்கிங் பால்கனியில் குந்தியிருந்தார். விதையை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார், திருப்பிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், பழைய இடத்திலேயே புதைத்தார். கற்பூரவல்லியை உருவி வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பிச் சொருகினார். பக்கத்துத் தொட்டியில் நட்டிருந்த புதினா வேர்த்துண்டுக்கும் அதே மரியாதை. அடுத்த நாளும் இதே கதை. அதற்கடுத்த நாளும். வெளியே வரலாமா என்று யோசித்த ஒன்றிரண்டு முளையும், தினம் தினம் கூரையைப் பிரித்து எட்டிப் பார்க்கிற இந்த முகத்தைக் கண்டு பயந்து உள்ளேயே செத்துப்போயின. கற்பூரவல்லி அழுகி விழுந்தது. "மண்ணு சரியில்ல" என்றார் செக்கிங். மண்ணை மாற்றினார். "தண்ணி சரியில்ல" என்றார். தோண்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

இதற்கிடையில் வாய் வேறு சும்மா இருக்கவில்லை. "புதினா கிளம்பிடுச்சு, வந்து பாரு" என்று மச்சினியிடம் பெருமை அடித்துவிட்டார். அவளும் நாளைக்கே வருகிறேன் என்றுவிட்டாள். அன்று வேலை முடிந்து வரும்போது செக்கிங் சந்தைப் பக்கம் ஒதுங்கி, ஒரு கட்டுப் புதினா வாங்கி, சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எதையாவது ஒளித்துக்கொண்டு அந்த வாசலைத் தாண்ட முடிந்தது அதுதான் முதல் தரம். பழைய மூக்காக இருந்திருந்தால் படியிலேயே பிடிபட்டிருப்பார். அந்த நினைப்பு வந்ததும் திருட்டுச் சந்தோஷம் பாதியில் நின்றுபோனது. அவசரத்தில் கட்டைப் பிரிக்காமல் அப்படியே தொட்டியில் நட்டார்.

மச்சினி வந்தாள், பார்த்தாள், மூக்கின்மேல் விரலை வைத்தாள். "அடேங்கப்பா! மாமா, நேத்து வரைக்கும் மொட்டையா இருந்த தொட்டியா இது?" செக்கிங்குக்கு வாயெல்லாம் பல். ஓர் இலையைக் கிள்ளிப் பெண்டாட்டியின் மூக்கருகே நீட்டினார்.

"வாசனை வருதா?"

அவள் இலையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "லேசா வருது" என்றாள்.

அவ்வளவுதான், மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்குப் போன இடத்தில் லிஃப்ட் மோட்டார் அறையில் பாட்டுப் பாடினார். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் ஒரு "வாசனை வருதா?", சாப்பிடும்போது ஒன்று, அவள் கடைக்குச் செருப்பு மாட்டும்போது ஒன்று. "லேசா", "கொஞ்சம்", "நேத்தைவிடப் பரவாயில்ல" என்று அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் கடையில் இன்னமும் துணிதான் மடித்தாள்.

அது செக்கிங்கை உறுத்தத் தொடங்கியது. லிஃப்டில் ஒரு விளக்கு எரிந்தால் மட்டும் அவர் நம்பிவிட மாட்டார். கரண்டை நிறுத்திவிட்டு, அப்போதும் எரிகிறதா என்று பார்ப்பார். அப்போதும் எரிந்தால் விளக்கு பொய் சொல்கிறது என்று அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கண்ணை மூடச் சொன்னார். மூடிய கையை அவள் மூக்கருகே கொண்டுபோய்த் திறந்தார். கையில் ஒன்றுமே இல்லை.

"என்ன வாசனை, சொல்லு பாப்போம்."

"புதினா" என்றாள் அவள். "லேசா வருது."

செக்கிங் கையை மடக்கத் தோன்றாமல் அப்படியே நின்றார். அவள் கண்ணைத் திறந்து அந்த வெறுங்கையைப் பார்த்தாள்.

"ஏன் பொய் சொன்னே?" என்றார். கோபமாகத்தான் கேட்க நினைத்தார். குரல் உடைந்து வந்தது.

அவள் எழுந்து பால்கனிக்குப் போனாள். புதினாத் தொட்டியில் விரலை விட்டு, மண்ணுக்கடியிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை உருவிக்கொண்டு வந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "ரப்பர் பேண்டோட முளைச்ச புதினா. தண்ணி ஊத்தின அன்னைக்கே பாத்துட்டேன். நீங்க ஏன் பொய் சொன்னீங்களோ, அதுக்குத்தான் நானும் சொன்னேன்."

செக்கிங் அசடு வழிய நின்றார். சிரிக்கலாம் என்று பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் வரலைங்க. சுத்தமா வரல. காலையில கண்ணு முழிக்கும்போதே, இன்னைக்காவது வருமான்னு நெஞ்சு அடிச்சுக்குது. அதுக்குள்ள நீங்க வந்து நிக்குறீங்க, வருதா, வருதான்னு. வரலைன்னு சொன்னா உங்க முகம் தொங்கிப்போகுது. அதையும் நான்தான் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அந்தப் புதினா கடையில வாங்கினதுன்னு உங்களுக்குத் தெரிஞ்ச புதினா. அதனால அந்தத் தொட்டியை மட்டும் நீங்க தோண்டவே இல்ல. இப்ப போய்ப் பாருங்க, புதுக் கொழுந்து விட்டிருக்கு. மத்ததெல்லாம் ஏன் செத்துச்சுன்னு இன்னுமா புரியல? என்னையும்தான் தினமும் தோண்டித் தோண்டிப் பாக்குறீங்க."

செக்கிங் பால்கனிக்குப் போனார். வாடி வதங்கிய பழைய இலைகளுக்கு நடுவே, கடையில் வாங்கிய அந்தத் தண்டுகளில், பொடிப்பொடியாகப் பச்சை கிளம்பியிருந்தது. வேர் பிடித்திருக்கிறதா என்று ஒரு தண்டை இழுத்துப் பார்க்கக் கை தானாக நீண்டது. நீண்ட கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அன்றோடு அவர் கேட்பதை விட்டுவிட்டார். எழுதுவதற்கு இது ஒரே வரி, அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். கேள்வி தொண்டைவரைக்கும் வரும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளுவார். காலையில் அவள் புதினா இலையைக் கசக்கி மோந்து பார்க்கும்போது, இவர் தெருவில் போகிற சைக்கிளையெல்லாம் மும்முரமாக வேடிக்கை பார்ப்பார். கொத்தமல்லியை மறுபடி விதைத்தார்கள். இந்தத் தரம் விதையை உடைத்தது அவள். ஸ்க்ரூடிரைவரை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியதும் அவளே. செக்கிங் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், தொடவில்லை. கொத்தமல்லி முளைத்து, இலை விரித்து, குளிர்ந்த காற்றில் தலையாட்டியது. அவள் மூக்கு மட்டும் அப்படியே கிடந்தது. மச்சினி வேறு, "மாமாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா, வாயே திறக்க மாட்டேங்குறாரே" என்று கவலைப்பட்டாள்.

பருவம் மாறியது. ஒரு சாயங்காலம் செக்கிங் அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தார். நாள் முழுக்க ஒரு பழைய லிஃப்டின் கம்பி வடத்தோடு மல்லுக்கட்டியிருந்தார். அவள் பால்கனியில் முதுகைக் காட்டிக்கொண்டு புதினா கிள்ளிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் சோபாவில் சாய்ந்தார்.

"என்னங்க, கிரீஸ் கையோட சோபாவிலயா உக்காந்திருக்கீங்க?"

"இல்லையே" என்றார் செக்கிங், பழைய பழக்கத்தில், கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் இன்னும் திரும்பவே இல்லை. கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றுபோயிருந்தது.

கேள்வி அவர் பல்வரைக்கும் வந்துவிட்டது. உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டார். எழுந்து போய்க் குழாயைத் திறந்தார்.

அவள் பின்னாலேயே வந்து குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "பழக்கத்துல சொல்லிட்டேனா, நெஜமாவே வந்துச்சான்னு எனக்கே தெரியலைங்க" என்றாள். "நீங்க கேக்க மாட்டீங்கன்னு தெரியும். நானே கேக்குறேன். என்னைச் செக் பண்ணுங்க." சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

செக்கிங் ஒரு கையை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார். மற்றதை அப்படியே விட்டார். இரண்டையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவள் ஒரு கையருகே குனிந்தாள். மற்றதற்குப் போனாள். திரும்பி முதல் கைக்கு வந்தாள்.

"இது சோப்பு" என்றாள். பிறகு மற்ற கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "இது நாத்தம்" என்றாள். கண்ணைத் திறக்காமலே அழுதாள். "ஐயோ, என்ன நாத்தம்ங்க இது! எப்படித்தான் உங்களோட குப்பை கொட்டினேனோ!"

செக்கிங்குக்கும் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை. ஒன்று ஈரம், ஒன்று அவளிடம்.

"மாத்தி வச்சு இன்னொரு தரம் பாக்குறீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"வேண்டாம்" என்றார் செக்கிங். "ஒரு தரம் பாத்தா போதும்."