இடது பின்சக்கரத்தின் மேல்

எங்கள் தெருவில் பழைய கார்களுக்கு சஸ்பென்ஷன் வேலை பார்க்கிறவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கே மறந்துவிட்டது. எல்லாருக்கும் அவர் அமுக்கண்ணன். எந்தக் காரைக் கண்டாலும் ஒரு மூலையில் கையை ஊன்றி அமுக்கிவிட்டு விடுவார். ஒரு தடவை எழும்பி அடங்கினால் நல்லது. அதற்கு மேலும் ஆடினால், "ஷாக் அப்சர் போச்சு, மாத்திடுங்க" என்பார். வீட்டில் மெத்தையைக்கூட அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார் என்பது அண்ணியின் புலம்பல். பக்கத்துக் கடையில் பேட்டரி விற்கிற நான் அவரைக் கேலி செய்வதில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. ஆனாலும் சொல்கிறேன், காசுக்காக ஒரு பாகத்தை அவர் கழற்றியதும் இல்லை, தேய்ந்ததை விட்டுவைத்ததும் இல்லை.

அவருக்குத் தண்ணி காட்டியது ஒரே ஒரு கார்தான். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லைப்ரரியம்மாவின் வெள்ளைக் கார். இருபது வருடமாக அவரிடம் வருகிறது. எப்போதும் அதே இடது பின்மூலை. முதலில் போட்ட ஸ்பிரிங்கும் ஷாக் அப்சரும் பத்து வருடம் தாங்கின. அப்புறம் ஆறு வருடம். அப்புறம் மூன்று. கடைசியாகப் போட்டது ஆறே மாதத்தில் எண்ணெய் கசிந்து, அந்தப் பக்கம் இரண்டு விரல் அளவு தொங்கிவிட்டது.

"இப்ப வர்ற பார்ட்ஸ் எல்லாம் டம்மி" என்று விற்றவனைத் திட்டித் தீர்த்தார். நானும் சேர்ந்து திட்டினேன். ஆனால் ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றுவது அவர் வழக்கம். ஒரே பெட்டியில் வந்த வலது பக்கத்து ஜோடி, கழற்றும்போது புத்தம் புதிதாக இருந்தது. அதை என்னிடம் நீட்டிக் காட்டினார். எனக்குக் கேலி வரவில்லை.

"பின்னாடி இடது பக்கம் யாரும்மா உக்காருவாங்க?" என்று லைப்ரரியம்மாவிடம் கேட்டார்.

"யாருமில்ல தம்பி. நான் ஒண்டியாத்தானே போறேன்."

"மூட்டை கீட்டை ஏதாவது?"

"புஸ்தகப் பைகூட முன் சீட்லதான்."

லைப்ரரியம்மா அன்றைக்கு அவசரத்தில் இருந்தார். மகள் திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகிறாள். இரண்டு வயதுப் பேத்தியைக் காப்பகத்தில் கொண்டுபோய் விடுவது இவர் பொறுப்பு. "குழந்தை சீட்டை அந்தப் பக்கம்தான் மாட்டலாம்னு இருக்கேன். நம்பி மாட்டலாமா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

அமுக்கண்ணன் இரண்டு பக்கமும் புதுசு போட்டார். நாலு மூலையும் அமுக்கினார். டேப்பை வைத்து அளந்தார், இரண்டு பக்கமும் நூல் பிசகாமல் சமம். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நம்பி மாட்டுங்கம்மா" என்றார்.

லைப்ரரியம்மா ஏறி, கதவைச் சாத்தினார். ஓட்டுகிறவர் உட்கார்ந்தால் வலது முன்பக்கம்தான் இறங்க வேண்டும். இடது பின்பக்கம் இறங்கியது. மெதுவாக, ஒருத்தர் ஏறி வசதியாகச் சாய்ந்துகொள்கிற மாதிரி.

"கொஞ்சம் இறங்குங்கம்மா." இறங்கினார். வண்டி எழுந்து சமமானது. மறுபடி ஏறச் சொன்னார். மறுபடி அதே மூலை இறங்கியது. பட்டப்பகல், தெருவில் ஆள் நடமாட்டம், என் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. நான் போய் ரேடியோவை அணைத்தேன்.

அமுக்கண்ணன் என் பக்கம் திரும்பாமலே, "உங்க பேட்டரி ஒண்ணு குடுங்க" என்றார். லைப்ரரியம்மாவை அப்படியே உட்கார வைத்துவிட்டு, அதைப் பின்சீட்டின் வலது பக்கம் வைத்தார். சமமாகவில்லை. இன்னொன்று கேட்டார். இன்னொன்று. நாலாவதையும் தூக்கிக் கொடுத்தேன். அஞ்சாவது வைத்ததும் வண்டி நேரானது. அவர் இடது பக்கக் கதவைத் திறக்கவில்லை. நானும் அந்தக் கண்ணாடி வழியே உள்ளே பார்க்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்றால் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் ஜன்னலுக்கு வந்து, முதன்முறையாகத் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார் அமுக்கண்ணன். "பார்ட்ஸ் மேல தப்பில்லம்மா. இத்தனை வருஷமா நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன். அங்க பாரம் இருக்கு. வருஷா வருஷம் ஏறிட்டே வந்திருக்கு. குழந்தை சீட்டை வலது பக்கம் மாட்டிக்குங்க."

லைப்ரரியம்மா பயப்படுவார், கத்துவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியில் பின்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு பாரம்?"

என் சரக்கு, நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "ஒண்ணு பன்னெண்டு கிலோம்மா. அஞ்சு வெச்சோம். அறுபது."

"எனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா. காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டியிலதான் கூட்டிட்டுப் போனேன், அந்த ஜன்னல் ஓரமா உக்காந்திருந்தா. திரும்பி நான் மட்டும் வந்தேன். அப்ப அவளுக்கு எட்டு வயசு. இருபத்திரண்டு கிலோதான் இருந்தா, ஒட்டடைக்குச்சி மாதிரி" என்றார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது பெருமைதான், நான் சத்தியம் பண்ணுவேன்.

"நல்லா வளந்திருக்கா, இல்ல?"