கடைசி வண்டிக்கு ஒரு வரி

பெங்களூர் வைட்ஃபீல்டில் எங்கள் ஆபீஸின் கண்ணாடிச் சுவரைப் பார்த்தால் போதும், நாங்கள் எப்படி யோசிக்கிறோம் என்று தெரிந்துவிடும். பாதி இங்கிலீஷ், கொஞ்சம் கன்னடம், மீதி தமிழ். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில், நடுநடுவே அம்புக்குறிகளோடு. 'சீட் காலி இல்லேன்னா அடுத்த ஸ்டாப்.' இதற்கு சூடோகோட் என்று பெயர். கம்ப்யூட்டருக்கு எழுதும் முன், செய்யவேண்டிய படிகளை மனிதருக்குப் புரிகிற மாதிரி எழுதிவைப்பது. இலக்கணம் கிடையாது, புரிந்தால் சரி.

இதே சுவரில் தினமும் இப்படியே கிறுக்குகிற எங்கள் டீம் லீட்தான் அன்று இன்டர்வியூ எடுத்தார். நான் பக்கத்தில் இரண்டாவது ஆள். வந்த பெண் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து, பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்ப்பவள். இந்த வேலை கிடைத்தால் பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கிவிடலாம், தினம் நாலு மணி நேரம் ரயிலில் போகாது என்றாள்.

லீட் கேட்டது நாங்களே இரண்டு வாரமாக முட்டிக்கொண்டிருந்த கேள்வி. ஆபீஸ் வண்டிகளில் ஆட்களை எப்படிப் பிரித்து ஏற்றுவது?

"சூடோகோடே போதும்மா. சின்டாக்ஸ், இலக்கணம் எல்லாம் பாக்க மாட்டோம்," என்றார்.

அவள் நம்பினாள். எங்களைப் போலவே அந்தச் சுவரில் கலந்துகட்டி எழுதினாள். பத்தே நிமிடம், முடிச்சு அவிழ்ந்துவிட்டது. கடைசியாக ஒரு வரி சேர்த்தாள்: 'லாஸ்ட் வண்டின்னா, யாரையும் விட்டுட்டுக் கிளம்பாதே.'

அது எதற்கு என்று கேட்டேன்.

"மத்த வண்டிய விட்டா அடுத்தது இருக்கு சார். கடைசிய விட்டா வீட்டுக்கே போக முடியாது. எங்க ஊர் ட்ரெயின்ல வர்றவங்களுக்குத் தெரியும்."

லீட் அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் போனதும் சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டு, எழுதியதை அழித்தார். பிறகு இன்டர்வியூ ஃபாரத்தில் தட்டினார்: வேண்டாம், எழுத்து புரொஃபஷனலாக இல்லை.

"நாமளும் இப்படித்தானே எழுதுறோம்?" என்றேன்.

"நாம உள்ள இருக்கோம்ல," என்றார்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்து என்ன? ஃபாரம் என் திரைக்கு வந்தபோது, நானும் ஒப்புதல் பட்டனை அமுக்கினேன். அந்த விரல் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

அடுத்த வாரமே அவள் எழுதியது சுத்தமான இங்கிலீஷில், லீட் பெயரில் டாக்குமென்ட்டாக வந்தது. வண்டிகளும் அதன்படியே ஓடத் தொடங்கின. மேலிடத்தில் பாராட்டு வேறு. கைதட்டியவர்களில் நானும் ஒருவன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாதம் கழித்துப் புகார் வந்தது. கடைசி வண்டி நாலு பேரை விட்டுவிட்டுக் கிளம்பிப் போயிருந்தது. லீட் என் மேஜைக்கு வந்தார்.

"அந்தப் பொண்ணு லாஸ்ட்ல ஏதோ எழுதுச்சே, என்ன அது? போட்டோல லைட் அடிச்சு அந்த எடம் மட்டும் தெரியல."

அந்த வரி எனக்கு மனப்பாடம். வாயால் சொல்ல மனம் வரவில்லை. நாலு பேர் ரோட்டில் நிற்கவும் வேண்டாம் என்று நானே அதை வண்டிகளின் புரோகிராமில் சேர்த்தேன். அதற்கு மேலே, குறிப்பு எழுதும் இடத்தில், அவள் வரியை அவள் எழுதியபடியே போட்டேன். கீழே இன்னொன்றும் எழுதினேன்: 'இத எழுதினவங்கள நாம வேண்டாம்னு அனுப்பிட்டோம்.'

லீட் ஒப்புதல் கொடுத்தால்தான் அது உள்ளே போகும். படித்தார். மறுபடியும் படித்தார். அன்று நான் அமுக்கியது போலவே, அவரும் ஒப்புதல் பட்டனை அமுக்கினார்.

கடைசி வண்டி இப்போது நின்று ஏற்றிக்கொண்டு போகிறது. அந்தப் பெண்ணை இதுவரை யாரும் கூப்பிடவில்லை, நான் உட்பட.