திரும்பி வந்த புத்தகங்களும் சேகரின் கதவுகளும்

"வாங்க வாரவுகளுக்கு ஒரு மூஞ்சி, திருப்பிக் கொடுக்க வாரவுகளுக்கு…" என்று, திருப்பத்தூரில் பாத்திரக்கடை வைத்திருந்த என் பெரியப்பா ஆரம்பிப்பார். மீதி மறந்துபோயிற்று. கடை வைத்திருப்பவர்களே, உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் தொழிலுக்கு அந்த மீதிதான் தேவைப்பட்டது.

தொழில் இதுதான். சிங்கப்பூரில் பல வருடம் அச்சகத்தில் தமிழும் ஆங்கிலமுமாகப் பக்கம் வடிவமைத்துவிட்டு ஊர் திரும்பியவன், காரைக்குடியில் ஒரு மேசை விளையாட்டுக் கடை வைத்தேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, ஒருவர் சொல்லும் கதைக்குள் நடந்துபோகிற விளையாட்டு. கதவு திறக்குமா, பூதம் சாகுமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். விதிகள் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றினுடையவை. அவற்றை வைத்து யாரும் கதை எழுதி விற்கலாம், கேட்கக்கூட வேண்டாம் என்று கம்பெனி எப்போதோ உரிமம் கொடுத்திருந்தது. அதை நம்பி நான் தமிழில் இரண்டு கதைப் புத்தகம் போட்டேன்.

ஒருநாள் உரிமத்தை மாற்றப்போகிறோம் என்றார்கள். இனிப் பதிவுசெய்ய வேண்டும்; நாம் எழுதியதைக் கம்பெனி எடுத்து இஷ்டத்துக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளும். உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்தார்கள். காரைக்குடியும் கொதித்தது.

மஞ்சப்பை

முதலில் வந்தவன் பாண்டி. வார நாளில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மேசையில் பூட்டுத் திறக்கிற திருடன். மஞ்சப்பையிலிருந்து என்னுடைய இரண்டு புத்தகங்களையும் எடுத்து வைத்தான். "காசு வேணாம்ணே. புறக்கணிப்பு."

"இது நான் எழுதுனதுடா. இதுல கம்பெனிக்குச் சல்லிக்காசு போகல. அவுகளோட விதிப் புத்தகம் உன் வீட்டுல இருக்குமே, அது?"

"அத என்னண்ணே செய்யிறது? அமெரிக்காவுக்கா அனுப்ப முடியும்?" என்றவன், போகும்போது வாசலில் நின்று சொன்னான்: "எங்களுக்கும் சங்கடமாத்தாண்ணே இருக்கு. ஆனா அவன் எங்க கைக்கு எட்டமாட்டேங்கிறான். நீங்கதான் எட்டுறீக."

செல்வியின் தாள்

அந்த வாரத்துக்குள் பதினோரு புத்தகங்கள் திரும்பி வந்தன. பிள்ளையார்பட்டியில் அர்ச்சனைத் தட்டுக் கடை வைத்திருக்கும் செல்வி மட்டும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. எடுத்துப்போக வந்திருந்தாள். எங்கள் மேசையில் அவள் ஒரு மந்திரக்காரி. அந்த மந்திரக்காரியின் பலம், காயம், பயம் எல்லாம் எழுதிய தாள் என் அலமாரியில் இருந்தது. அழித்து அழித்து எழுதியதில் நடுவே ஓட்டை விழுந்த தாள்.

உன் பாத்திரத்தையெல்லாம் கம்பெனி எடுத்துக்கொள்ளாது, உரிமத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று வாசித்தே காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு தாளை நாலாக மடித்துப் பர்சுக்குள் வைத்தாள். "நாலு வருசமா நான் பேசுன பேச்சுண்ணே. இன்னிக்கி இல்லைம்பாக, நாளைக்கி மாத்துவாக. ஒருக்கா மாத்துனவுக தானே."

ஒரு எழுத்து

என் கவலை வேறு. அடுத்து நான் போடவிருந்த மூன்றாவது புத்தகத்தை எழுதியவன் சேகர். மரவேலைக் குடும்பம். எங்கள் மேசைக்கு வந்தவன் கதை சொல்பவனாகவே ஆகிவிட்டான். அவன் கதை ஒரு பாழடைந்த மாளிகை. நாற்பத்திரண்டு கதவுகள். ஒவ்வொன்றும் என்ன மரம், கீல் எந்தப் பக்கம், திறக்கப் பகடையில் எத்தனை விழவேண்டும் என்று தச்சுப் பென்சிலால் எழுதியிருந்தான். "சேகரு கதையில பூதத்த விடக் கதவுதாண்டா ஜாஸ்தி" என்று பாண்டி கிண்டலடிப்பான். எழுதி முடித்த மாதமே சேகருக்கு மாரடைப்பு. ஆடியில் வருஷத் திதி. அதற்குள் புத்தகம் வரவேண்டும் என்பது அவன் மனைவி தனத்தின் ஆசை.

பதிவுப் படிவத்தோடு நாட்டரசன்கோட்டையில் அவள் வீட்டுக்குப் போனேன். எழுதியவர் இல்லாவிட்டால் வாரிசு கையெழுத்துப் போடலாம். கையெழுத்துப் போட்டால் புத்தகம் வரும். கம்பெனி அதை மாற்றவும் செய்யலாம் என்றேன். தனம் தையல் மிஷினை நிறுத்தினாள். "மாத்துவாகளா? அவரு ஒவ்வொரு கதவுக்கும் எந்திரிச்சுப்போயி எங்க வீட்டுக் கதவத் தொறந்து தொறந்து பாத்துல்லண்ணே எழுதுனாரு. ஒரு எழுத்து மாறக்கூடாது."

படிவம் அப்படியே என்னோடு திரும்பி வந்தது.

வெற்றி

சில வாரத்தில் கம்பெனி பின்வாங்கியது. பழைய உரிமமே தொடரும், இனித் தொடமாட்டோம் என்றார்கள். பாண்டி ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தான். சேகர் புத்தகத்தை அவன் எழுதியபடியே போட்டுவிடலாம் என்று எனக்கும் சந்தோஷம். "ஞாயித்துக்கெழம எல்லாரையும் வரச்சொல்லு. சேகர் கதையத்தான் ஆடுறோம்" என்றேன்.

பாண்டி ஜாங்கிரியைப் பிட்டுக்கொண்டே இருந்தான். வாயில் போடவில்லை. "நாங்க வேற விளையாட்டுக்குப் போயிட்டோம்ணே. அதுக்கு விதியே வேற. சேகரு கதைன்னா எனக்கும் ஆசதான். அந்த நம்பரையெல்லாம் இதுக்குத் தக்கன மாத்திக் குடுங்க, வாரோம். ஆனா பழையதுக்கு ஒருத்தரும் வரமாட்டாக. ஜெயிச்சதுக்கப்புறம் அங்குட்டுத் திரும்பிப்போனா, என்னத்துக்குண்ணே சண்டை போட்டோம்?"

தனம் கேட்டது

மறுபடி நாட்டரசன்கோட்டை. எழுதியபடி போட்டால் புத்தகம் வரும், ஆட ஆள் இல்லை; எண்களை மாற்றினால் ஆடுவார்கள், ஆனால் கதவுக்குக் கதவு சேகர் போட்ட கணக்கு இருக்காது என்றேன். கம்பெனி செய்யக்கூடாது என்று அவள் தடுத்ததைத்தான் நான் செய்யக் கேட்கிறேன் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

சேகர் எழுதிய நோட்டு அவள் மடியில் இருந்தது. அதைப் பிரிக்காமல் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது நோட்டை என்னிடம் நீட்டிக் கேட்டாள்: "ஒருத்தரும் ஆடாட்டி, அந்தக் கதவெல்லாம் யாருண்ணே தொறப்பாக?"

ரசிகர்கள் கேட்டது அத்தனையும் கிடைத்த இந்தச் சண்டையில், கம்பெனி உட்பட ஒருவரும் எதையும் இழக்கவில்லை, செத்துப்போன ஒருவனைத் தவிர.

அன்று மத்தியானம் கடையில் உட்கார்ந்து, சேகரின் முதல் கதவுக்குப் பக்கத்தில் இருந்த பதினைந்தை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.